ஊசி சொன்ன இரண்டு பதில்கள்

அத்தியாயம் 11

போன வாரம் புஷ்பவல்லியை அமெரிக்காவில், டாலஸை அடுத்த காப்பெல் நகரத்து வீட்டு மாடிப்படியில், கையில் பிரிக்காத கவரோடு உட்கார வைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். ஏழு நாளாகப் பாவம் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். என்னைத் திட்டியிருப்பீர்கள். திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இந்த வாரம்தான் முதன்முதலாகப் படிக்கிறவர்களுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு உடனே கவரைப் பிரித்துவிடலாம்.

புஷ்பவல்லிக்கு ஒரே தம்பி, செல்வராஜ். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது, இவளுக்குப் பதினாறு. தலை வாரி, சோறு பிசைந்து ஊட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் இவள்தான். அவனுக்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டில் கல்யாணம். கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவள் இணைச்சீர் என்கிற சடங்கைச் செய்ய வேண்டும். அவள் வர முடியாவிட்டால் பெரியப்பா பெண்ணோ சித்தப்பா பெண்ணோ செய்யலாம், தப்பில்லை. ஆனால் செல்வராஜ், "எங்கக்கா வந்தாத்தான் இணைச்சீரு" என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். டாலஸிலிருந்து இந்தச் சனிக்கிழமை ஃபிளைட்.

அந்தக் கல்யாணத்துக்குப் போட வேண்டிய அட்டிகையைக் கண்ணாடி முன்னால் நின்று போட்டுப் பார்த்தபோதுதான் வினை வந்தது. "அம்மா, இட்ஸ் குரூக்கட்" என்றாள் பதினோரு வயது மகள் கயல். அட்டிகையில் கோணல் இல்லை, கழுத்தில்தான். இடது பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி.

தைராய்டுக் கட்டி, பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, எதற்கும் ஊசியால் கொஞ்சம் செல்லை எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர் கெல்லர். பக்கத்து ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரியில் முதல் ஊசி. கணவன் ரஞ்சித்குமார் அன்றைக்கு வேலையாகச் சிகாகோவில் இருந்தான். அடுத்த தெரு சாந்தாமணி அக்காதான் காரில் கூட்டிப் போய், ஃபாரமெல்லாம் நிரப்பிக் கொடுத்து, கூடவே நின்றாள். பத்து நாள் கழித்து, "செல் போதவில்லை, மறுபடி எடுக்கணும்" என்று பதில். இரண்டாவது ஊசிக்கு ரஞ்சித்குமாரே லீவு போட்டுக்கொண்டு வந்தான். இந்தத் தடவை ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே குத்தினார்கள். அதற்கு வந்த பதில்தான் இந்தக் கவர்.

கதை இவ்வளவுதான். நேரம் புதன்கிழமை பகல் பதினொன்றரை. புஷ்பவல்லி படியில் இருந்தபடியே கணவனின் ஆபீஸுக்கு ஃபோன் போட்டாள்.

"ஏனுங்க, லெட்டர் வந்திருக்குதுங்க."

"பிரிச்சியா?"

"இல்லீங்க. நீங்க லைன்லயே இருங்க, பிரிக்கறேன்."

பதற்றத்தில் கவரோடு சேர்ந்து கடிதத்தின் ஓரமும் கிழிந்தது. உள்ளே ஆறே வரி. தோள்பட்டையில் ஃபோனை இடுக்கிக்கொண்டு எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்தாள்.

"டியர் மிஸஸ் ரஞ்சித்குமார்... அப்புறம் தேதி போட்டிருக்குதுங்க... சாம்பிள் போதுமான அளவு இருக்குதாம்... பெனைன்னு போட்டிருக்காங்க."

"திரும்பப் படி."

"பெனைன்ங்க! சாதாக் கட்டிங்க!"

அந்தப் பக்கம் ரஞ்சித்குமார் போட்ட சத்தத்தில் பக்கத்து க்யூபிக்கிள்காரன் எழுந்து எட்டிப் பார்த்திருக்க வேண்டும். "நான் சொல்லலே? நான் சொன்னனா இல்லையா? பெட்டியைக் கட்டு புள்ளே!"

புஷ்பவல்லி படியிலேயே கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூஞ்சியைக் கழுவிக்கொண்டு அலமாரியிலிருந்த அரக்குப் பட்டுப் புடவையை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். செல்வராஜுக்கு வாங்கிய வாட்ச், கல்யாணப் பெண்ணுக்கு வாங்கிய சென்ட் பாட்டில், ஊரில் எல்லாருக்கும் கொடுக்க ஐந்து பாக்கெட் சாக்லேட். எல்லாம் வைத்து மூடப் போகும்போது மறுபடி ஃபோன் அடித்தது.

இங்கிலீஷில் ஒரு பெண் குரல். சர்ஜன் ஆபீஸிலிருந்து டெபி பேசுகிறேன் என்றாள். அவள் பேசியதை நான் தமிழில் சொல்லிவிடுகிறேன்.

"மிஸஸ் புஷ்பவல்லியா? திங்கட்கிழமை காலை ஏழரைக்கு உங்களுக்குத் தைராய்டு ஆபரேஷன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் ஒன்றும் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூட."

"எனக்கு... எனக்கு லெட்டர் வந்ததே. பெனைன் என்று."

"அது எனக்குத் தெரியாதுங்க. உங்கள் ஸ்லைடைப் பார்த்த ஆஸ்பத்திரி டாக்டருக்குச் சந்தேகம். அதனால் டாலஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே பார்த்துவிட்டுச் சந்தேகப்படும்படி இருக்கிறது, எடுத்துவிடுவதுதான் நல்லது என்று எழுதியிருக்கிறார்கள்."

"அது கேன்சரா?"

"சந்தேகம் என்றுதான் இருக்கிறது. எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் டாக்டரைக் கேளுங்களேன்."

டாக்டர் கெல்லரைக் கேட்கலாம்தான். அவர் அலாஸ்காவில் மீன் பிடிக்கப் போயிருக்கிறார். அடுத்த செவ்வாய்க்கிழமைதான் வருவார். அவருக்குப் பதிலாக வந்து உட்கார்ந்திருக்கிற சின்ன டாக்டருக்குப் புஷ்பவல்லி யாரென்றே தெரியாது.

ஃபோனை வைத்துவிட்டு அவள் அந்தக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தாள். பெனைன் என்றுதான் இருந்தது. அரை மணி நேரத்தில் எழுத்தா மாறிவிடும்? பெட்டியைத் திறந்து பட்டுப் புடவையை வெளியே எடுத்தாள். கையில் வைத்துக்கொண்டு நின்றாள். திரும்ப உள்ளே வைத்தாள். எனக்கு என்னதான் ஆகியிருக்கிறது, ஒன்றுமில்லையா, எல்லாம் போச்சா, யாராவது ஒரு ஆள் ஒரே ஒரு பதிலைச் சொல்ல மாட்டீர்களா என்று வாய்விட்டே கேட்டாள். பிறகு மறுபடி கணவனின் ஆபீஸுக்கு ஃபோன் போட்டாள்.

ரஞ்சித்குமார் பதினைந்தே நிமிஷத்தில் வந்து நின்றான். ஃப்ரீவேயில் எத்தனை மைல் வேகத்தில் வந்தான் என்று கேட்காதீர்கள்.

"கொடு அந்த நம்பரை. நான் பேசறேன்."

ரஞ்சித்குமாரின் வேலையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் அவனுக்கு ஒய்-டூ-கே வேலை. இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் பழைய கம்ப்யூட்டர்களெல்லாம் தேதி புரியாமல் தடுமாறும் என்று உலகமே பயந்துகொண்டிருக்கிறதல்லவா, அதற்காக வரி வரியாகத் தேதியைத் தேடித் திருத்துகிற உத்தியோகம். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை தேதியோடுதான் குடித்தனம். பேர் தப்பாக இருக்கலாம், ஊர் தப்பாக இருக்கலாம், தேதி பொய் சொல்லாது என்பது அவன் கட்சி.

சமையலறையில் நின்று பத்து நிமிஷம் பேசினான். புஷ்பவல்லி ஃப்ரிட்ஜ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் புருவம் சுருங்கியது. பிறகு நெற்றி விரிந்தது. கடைசியில் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"ஆளே வேற புள்ளே!"

"என்னங்க சொல்றீங்க?"

"அது நீ இல்லே. வேற ஒரு பேஷண்ட். பேரு மட்டும்தான் ஒண்ணு. அவளுக்குப் புஷ்பவல்லிங்கறது லாஸ்ட் நேமாம். டேட் ஆஃப் பர்த் செக் பண்ணச் சொன்னேன். உன்னுது ஜூன் ஒண்ணு, அறுபத்திரெண்டு. அவளுது வேற. மேட்ச்சே ஆகலே. இவளுக கம்ப்யூட்டர்ல புஷ்பவல்லின்னு தட்டியிருப்பாளுக, நம்ம நம்பர் வந்திருக்கும், தூக்கி ஒட்டிட்டாளுக. இந்த லட்சணத்துல டேட்டா என்ட்ரி!"

"நிசமாத்தானுங்களா?"

"அட, தேதி வேறயா இருந்தா ரெக்கார்டு வேற. ரெக்கார்டு வேறயா இருந்தா ஆளு வேற. இதுல என்ன சந்தேகம்?"

புஷ்பவல்லி ஃப்ரிட்ஜ் கைப்பிடியை விட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரஞ்சித்குமார் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அவள் குடிக்கும்வரை தலையைத் தடவிக்கொண்டு நின்றான். இத்தனை நாளும் அவனும் பயந்துதான் போயிருந்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

"அப்போ அந்தப் பொம்பளைக்கு யாருங்க சொல்லுவாங்க?" என்று கேட்டாள்.

"எந்தப் பொம்பளை?"

"அந்த இன்னொரு புஷ்பவல்லிக்குத்தான். திங்கக்கிழமை ஆபரேஷன்னு அவளுக்குத் தெரியோணுமில்ல?"

"அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க. நம்ம நம்பரை அந்த ரெக்கார்டுல இருந்து எடுக்கச் சொல்லிட்டேன். இனி உனக்கு அந்த ஃபோன் வராது."

"நம்பரை எடுத்துட்டா அவளை எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"அதுவா? டெபிகிட்ட ஃபேக்ஸ்ல வந்த ஒரு பக்கம்தான் இருக்குதாம். அதுல அட்ரஸ் இல்லே. தேடுவாங்க புள்ளே. நீ மொதல்ல கேசரி கிண்டு. ராத்திரி வந்து ஒரு பிடி பிடிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்திலேயே ஆபீஸுக்குத் திரும்பினான்.

அவன் போன பிறகு புஷ்பவல்லி ரவையை வறுத்தாள். வறுக்கும்போதும் அந்த இன்னொருத்தி ஞாபகம்தான். இந்தப் பக்கத்தில் புஷ்பவல்லி என்று பேர் வைத்துக்கொண்டு திரிகிறவள் தமிழச்சியாகத்தான் இருக்க வேண்டும். அவள் புருஷனும் இன்றைக்கு நிம்மதியாக வேலைக்குப் போயிருப்பான். அவளுக்கும் கயல் மாதிரி ஒரு பெண் இருக்கும். கழுத்தில் என்னமோ வளருகிறது, சொல்ல வேண்டியவர்கள் நம்பரைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடுப்பை அணைத்துவிட்டுத் தமிழ்ச் சங்கத்து டைரக்டரியை எடுத்தாள். ஸ்டேபிள் அடித்த சின்னப் புத்தகம், அதில் டாலஸ் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பம் நானூறோ ஐந்நூறோ இருக்கும். விரலை வைத்து ஒவ்வொரு பேராகப் பார்த்தாள். புஷ்பவல்லி என்று ஒரே ஒருத்தி இருந்தாள். காப்பெல், ரஞ்சித்குமார் வீடு. அது இவளேதான். ஆலன் என்ற ஊரில் புஷ்பா பாலசுப்ரமணியன் என்று ஒன்று இருந்தது. புஷ்பா என்பது புஷ்பவல்லியின் சுருக்கமாக இருந்தால்? ஃபோன் போட்டாள்.

"ஹலோ, புஷ்பாங்களா? நான் காப்பெல்ல இருந்து பேசறனுங்க. உங்க முழுப் பேரு புஷ்பவல்லிங்களா?"

"இல்லியே, புஷ்பகலா. நீங்க யாரு? சங்கத்துல இருந்தா? டியூஸ் எல்லாம் ஏப்ரல்லயே கட்டியாச்சே."

"அதில்லீங்க. உங்களுக்குக் கழுத்துல கட்டி ஏதாச்சும்..."

"என்னம்மா இது அபசகுனமா! எங்க வீட்டுக்காரர் இன்னிக்குத்தான் புது வேலையில ஜாயின் பண்ணியிருக்காரு. யாரும்மா நீ?"

புஷ்பவல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தாள். சாந்தாமணி அக்கா இருந்தால் நாலு பேரை விசாரித்துச் சொல்லுவாள், அவளோ மகள் பிரசவத்துக்கு நியூ ஜெர்சி போய் ஒரு வாரம் ஆகிறது. வேறு வழி தெரியாமல் சாமி அலமாரியைத் திறந்து விளக்கேற்றினாள். "சென்னிமலை முருகா, என்னைக் காப்பாத்திட்டே. அவளுக்கு ஆருமில்லே போல இருக்குது. அவளையும் பாத்துக்கோ" என்று வேண்டிக்கொண்டாள். மனசாரத்தான் வேண்டினாள். கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

நாலு மணிக்குக் கயல் ஸ்கூல் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். வீட்டு வாசனையை வைத்தே விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"கேசரி? ஸோ வீ ஆர் கோயிங்?"

"போறோம் கண்ணு. அம்மாவுக்கு ஒண்ணுமில்லே."

கயல் பையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "ஐ வாஸ் ஸோ ஸ்கேர்ட், அம்மா" என்றாள். அவள் இதுவரை அப்படிச் சொன்னதே இல்லை. ஒரு மாசமாகப் பெண்ணும் உள்ளுக்குள்ளே வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறது. புஷ்பவல்லி அவள் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

ஆறரை மணிக்கு ரஞ்சித்குமார் வந்தான். வெளியே இன்னும் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. டெக்ஸஸ் ஆகஸ்டு மாசம் கேட்கவா வேண்டும். மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். ரஞ்சித்குமார் கேசரியை இரண்டாம் தடவை போட்டுக்கொண்டான்.

"அவ பேரென்னங்க? மொதப் பேரு?" என்று கேட்டாள் புஷ்பவல்லி.

"இன்னும் அவளை விடலையா நீ? ஃபர்ஸ்ட் நேம்ல வெறும் கே-ன்னு மட்டும் இருக்குதாம். கமலாவோ கல்யாணியோ, யாருக்குத் தெரியும்?"

கே. அவள் கையிலிருந்த கரண்டி ஒரு நொடி நின்றது. பள்ளிக்கூடத்திலும் காலேஜிலும் அவள் கே. புஷ்பவல்லி. அப்பா கந்தசாமி. மாமனார் பேர் கந்தசாமி என்று ரஞ்சித்குமாருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும், நன்றாகத் தெரியும். ஆனால் தேதி பொருந்தவில்லையே! தேதி பொருந்தாத இடத்தில் மாமனாரைக் கொண்டுவந்து நிறுத்துகிற பழக்கம் அவனுக்கு இல்லை.

"வயசு என்னங்க அவளுக்கு?"

"உன்னைவிடச் சின்னவதான். மார்ச் இருபத்தி நாலு, அறுபத்தி மூணு. பாவம், முப்பத்தஞ்சு வயசுல."

புஷ்பவல்லி கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு எழுந்து போய்ச் சிங்க்கில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கையைக் கழுவினாள். கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போன அன்றைக்கு அவளுக்கு நாலு வயது முடிந்து இரண்டு மாசம். வாத்தியார் வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொன்னார். இவளுக்குக் கை நீளம், தொட்டுவிட்டாள். அஞ்சு வயசு ஆயிருச்சு என்று சொல்லி ரிஜிஸ்டரில் ஜூன் ஒன்று, அறுபத்திரெண்டு என்று எழுதிக்கொண்டார். அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூன் ஒன்றாம் தேதிதான் பிறந்தநாள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பாஸ்போர்ட், விசா, இன்ஷூரன்ஸ் கார்டு எல்லாவற்றிலும் அதே தேதி ஏறிவிட்டது. நிஜத் தேதி அம்மா வாயில் மட்டும் இருந்தது. மார்ச் இருபத்தி நாலு, அறுபத்தி மூணு, ஞாயித்துக்கிழமை, கோழி கூப்பிடற நேரம்.

கல்யாணத்தின்போது ஜாதகத்தைப் பார்த்தது ரஞ்சித்குமாரின் அப்பா. பத்தில் எட்டுப் பொருத்தம் என்று சொல்லி மடித்து வைத்ததோடு சரி. அமெரிக்கா வந்த பிறகு வருஷா வருஷம் ஜூன் ஒன்றாம் தேதி ரஞ்சித்குமார் ஆசையாகக் கேக் வாங்கிக்கொண்டு வருவான். அவன் ஆசையைக் கெடுப்பானேன் என்று அவளும் சொல்லவே இல்லை.

முதல் ஊசியன்று ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது? சாந்தாமணி அக்கா மடியில் ஃபாரத்தை வைத்துக்கொண்டு, "உனக்கு எப்போ புள்ளே பொறந்தநாள்?" என்று கேட்டாள். பயந்துபோய் உட்கார்ந்திருந்தவளுக்கு அம்மாவின் தேதிதான் வாயில் வந்தது. பேரையும் அக்கா ஊர் வழக்கப்படி அப்பா இனிஷியலை முன்னால் போட்டு எழுதியிருப்பாள்; கே முதல் பேராகவும் புஷ்பவல்லி கடைசிப் பேராகவும் ஏறியிருக்கும். அங்கே அப்போது ரஞ்சித்குமாரும் இல்லை, இன்ஷூரன்ஸ் கார்டும் இல்லை. இரண்டாம் தடவை ஃபாரம் நிரப்பியது ரஞ்சித்குமார். அவன் இன்ஷூரன்ஸ் கார்டைப் பார்த்து எழுதினான்.

செல் போதவில்லை என்று சொன்ன ஸ்லைடைத்தான் டாலஸுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதைத்தான் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

மத்தியானம் யாருக்காகச் சென்னிமலை முருகனிடம் அழுதாளோ, அவள் இங்கே சிங்க் முன்னால் நிற்கிறாள்.

இது யாருக்கும் தெரியாது. கெல்லர் அலாஸ்காவில். சாந்தாமணி அக்கா நியூ ஜெர்சியில். டெபியிடம் இருந்த நம்பரையும் புருஷனே எடுக்கச் சொல்லிவிட்டான். வாயை மூடிக்கொண்டிருந்தால் சனிக்கிழமை ஃபிளைட் ஏறிவிடலாம். தம்பிக்கு இணைச்சீர் செய்யலாம். கையில் நல்ல லெட்டர் ஒன்று இருக்கிறதே, கிழிந்த ஓரத்தோடு. அது பொய் என்று யார் சொன்னார்கள்? அதுவே நிஜமாகக்கூட இருக்கலாம். திரும்பி வந்து பார்த்துக்கொண்டால் போகிறது. அதற்குள் என்ன ஆகிவிடும்? என்ன ஆகிவிடும் என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் ஆள் இல்லை.

ஃபோன் அடித்தது. ஈரோட்டில் விடியற்காலை ஐந்தரை மணி. கல்யாண வீட்டில் எல்லாரும் எழுந்துவிட்டிருப்பார்கள்.

"அக்கா! நான்தான். டிக்கெட்டெல்லாம் கன்ஃபர்ம்தானே? கோயமுத்தூருக்கு நானே காரு எடுத்துட்டு வந்தர்றேன். பெரியம்மா வேற, எதுக்கும் சித்தப்பா புள்ளையைச் சொல்லி வெச்சுக்கலாம்னாங்க. நான் சத்தம் போட்டுட்டேன். என்ற அக்கா கை இல்லாம எனக்கு ஒரு சீரும் வேண்டாம்னுட்டேன். வந்தர்றயில்லக்கா?"

"சாமி..." என்றாள் புஷ்பவல்லி. தொண்டையில் இருந்தது கட்டியா அழுகையா என்று அவளுக்கே புரியவில்லை. ரிசீவரைப் புருஷனிடம் நீட்டினாள்.

ரஞ்சித்குமார் உற்சாகமாக வாங்கிக்கொண்டான்.

"மாப்ளே! உங்கக்கா சந்தோசத்துல அழுகறா. ஒண்ணுமில்லடா, சாதாக் கட்டி. இடையில ஒரு கூத்து நடந்துருச்சு. வேற எவளோட ரிப்போர்ட்டோ எங்களுக்கு வந்துருச்சு. நான் டேட் ஆஃப் பர்த் பாத்துக் கண்டுபிடிச்சுட்டேன். அவளை நெனச்சாத்தான் பாவமா இருக்குது. குழந்தை குட்டி இருக்கும். புருசன்காரன் என்ன பண்ணுவானோ... சரி, அதை விடு. நாங்க சனிக்கிழமை கெளம்பறோம்."

அவன் ஃபோனை வைத்தான். கயல் அவன் கையைப் பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாசமாக அந்த வீட்டில் யாரும் குதிக்கவில்லை. புஷ்பவல்லி அந்த இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்னும் பத்து நிமிஷம் இப்படியே இருக்கட்டுமே என்று நினைத்தாள். ஆனால் 'புருசன்காரன் என்ன பண்ணுவானோ' என்று அவன் சொன்னது காதை விட்டுப் போகவில்லை.

"ஏனுங்க" என்றாள்.

"என்ன புள்ளே?"

"அந்தப் புஷ்பவல்லியைத் தேட வேண்டாங்க."

"நீதானே மத்தியானத்துல இருந்து தேடிட்டிருக்கே?"

"மார்ச் இருபத்தி நாலு என்ற நெசப் பொறந்தநாளுங்க. ஜூன் ஒண்ணு வாத்தியார் வெச்சது. சாந்தாமணி அக்காகிட்ட நெசத்தைச் சொல்லிட்டேன். அந்த கே, எங்கப்பன் கந்தசாமிங்க."

ரஞ்சித்குமார் முதலில் சிரித்தான். விளையாடுகிறாள் என்று நினைத்தான். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்போ... அப்போ நான் வாங்கிட்டு வந்த கேக்கெல்லாம்?" என்றான். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அவன் அதைத்தான் கேட்டான்.

"நல்லா இருந்துச்சுங்க" என்றாள் அவள்.

அவன் திடுதிடுவென்று போய் டெபியின் நம்பரைப் போட்டான். ஆபீஸ் மூடிவிட்டது, காலை எட்டரைக்குக் கூப்பிடவும் என்று மிஷின் சொன்னது. மறுபடி போட்டான். மிஷின் மறுபடி அதையே சொன்னது. பேனாவை எடுத்து லெட்டருக்குப் பின்னால் இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினான். இரண்டாயிரத்தைச் சரிபண்ணுகிற மனுஷன், அந்த இரண்டு தேதிக்கு நடுவில் என்ன போடுவது என்று தெரியாமல் பேனாவைத் தூக்கியபடி நின்றான்.

"ஸோ விச் ஒன் இஸ் கரெக்ட், அப்பா?" என்று கேட்டாள் கயல். அவள் குதிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். "எது புள்ளே நிசம்? சந்தேகம்னாங்களே அதா, ஒண்ணுமில்லேன்னாங்களே அதா? எந்த ஊசியை நம்பறது?"

"எனக்கு என்னங்க தெரியும்?" என்றாள் புஷ்பவல்லி. "ரெண்டு ஊசியும் குத்துனது இந்தக் கழுத்துலதான்."

இத்தனை நாளில் ரஞ்சித்குமார் அந்தக் கட்டியைத் தொட்டுப் பார்த்ததே இல்லை. டாக்டர் தொட்டார், நர்ஸ் தொட்டாள், கயல்கூடத் தொட்டாள். அவனுக்குத் தைரியம் வரவில்லை. இப்போது கிட்டே வந்து, தாலிக்கொடியை ஒதுக்கிவிட்டு, இரண்டு விரலை மெதுவாக அங்கே வைத்தான்.

அவள் எச்சில் விழுங்கினாள். விரலுக்கடியில் அது மேலே ஏறி இறங்கியது.